முட்டைத் தட்டில் தோட்டாக்கள்

உருளைக்கிழங்குப் பண்டத்துக்கும் பச்சை ஜெல்லிக்கும் நடுவே கார்லிஸ் சித்தப்பா துப்பாக்கியை வைத்தபோது, ட்வைலா தன் தட்டிலிருந்த ஹாம் பன்றிக்கறித் துண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது. துப்பாக்கி சின்னதுதான், குளியல் சோப்பு அளவு. ஆனால் வைத்த வேகத்தில் ஜெல்லி முழுவதும் ஒருமுறை நடுங்கி அடங்கியது. உள்ளே துருவிப் போட்டிருந்த கேரட்டும் கூடவே நடுங்கியது.

"இது. இதத்தான் வாங்கிருக்கணும் அவன்," என்றார் கார்லிஸ். "தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?"

அவன் என்றது ட்வைலாவின் அப்பாவை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் டுவேன் ஹட்செலைக் குழிக்குள் இறக்கிவிட்டு, எல்லோரும் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்திருந்தார்கள். கார்லிஸின் கருப்பு ஷூவில் ஒட்டியிருந்த செம்மண் இன்னும் காயவில்லை. அதற்குள் அண்ணன் எந்தத் துப்பாக்கி வாங்கியிருக்க வேண்டும் என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

டுவேன் செத்தது துப்பாக்கியால்தான். திருடன் வரவில்லை, சண்டை நடக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மீன் வறுவல் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்குவதற்கு முன் வலது பாக்கெட்டுக்குள் கையை விட்டார். வெடித்தது. தொடையில் ஓடுகிற பெரிய ரத்தக் குழாய். மாவட்டத் தலைநகரிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் அம்மா.

ஓக்லஹோமாவின் இந்த மூலையில் இது எப்படி நடந்தது என்று யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பிட்மன் கிரீக் ஊரில் துப்பாக்கி இல்லாமல் கடைத்தெருவுக்கு வந்தவனை, பல்செட் போட மறந்து வந்தவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். ஊரிலுள்ள தலைகளை எண்ணி, நாய் பூனைகளையும் சேர்த்து எண்ணினாலும், தலைக்கு மூன்று துப்பாக்கி மிஞ்சும். காணிக்கைத் தட்டு வரும்போது எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுக்குள் கையை விடுவார்கள். கர்த்தர் மேல் நம்பிக்கை இருப்பதால்தான் யாரும் தரையில் பாய்ந்து படுப்பதில்லை.

சவப்பெட்டியின் உட்புறம்கூட வேட்டைக்காரர்கள் உடுத்தும் இலைநிறத் துணிதான். மான்களுக்குத் தெரியாமல் டுவேன் மோட்சம் போய்ச் சேரலாம். போதகர் பிரதர் மெர்ல் செய்த பிரசங்கம் முக்கால் மணி நேரம் ஓடியது. நோவாவின் பேழை வந்தது, தாவீதின் கவண் வந்தது, டுவேன் பிடித்த கெளுத்தி மீன்கள் நீள அகலத்தோடு வந்தன. தொடை மட்டும் வரவில்லை.

"ரிவால்வர் வாங்கிருக்கணும்ப்பா," என்றார் எதிரே இருந்த டாய்ல். அப்பாவோடு மீன் பிடிக்கப் போகிறவர். படகில் இவர் ஏறினால் அப்பா எதிர்முனையில் இரண்டு கல்லைத் தூக்கி வைப்பார் என்று ஊரில் சொல்வார்கள். "அஞ்சு குண்டு ரிவால்வர். விசை அவ்ளோ லேசுல அசையாது. அது வாங்கிருந்தா டுவேன் இன்னிக்கி இங்க உக்காந்து இந்த ஹாம சாப்ட்டுட்டு இருப்பான்."

"அப்ப இந்த ஹாம் யார் செத்ததுக்காக வெந்துச்சாம்?" என்றாள் ட்வைலா.

டாய்ல் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, அவள் வேடிக்கையாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ட்வைலா கான்சஸ் சிட்டியில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஊரார் வாயைத் திறந்து காறையைச் சுரண்டுவது அவள் வேலை. இருபது வருடத்தில் எத்தனையோ வாய்களைப் பார்த்துவிட்டாள். ஒரு தடவைகூடக் குமட்டியதில்லை. இங்கே, மூடியிருக்கும் வாய்களைப் பார்த்தே குமட்டியது.

மேஜையின் கோடியில் அம்மா இருந்தாள். லவோன். கருநீல உடுப்பு, முத்து மாலை. முன்னால் இருந்த தட்டை அவள் தொடவில்லை. ஆனாலும் அது உயர்ந்துகொண்டே போனது. பக்கத்திலிருந்த சர்ச்சுக் கிழவி வில்லடீன், "கொஞ்சமாச்சும் சாப்பிடு கண்ணு," என்று சொல்லிச் சொல்லி, கேட்காதவள் தட்டில் குவித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அம்மா பேசியதைச் சேர்த்து எழுதினால் ஒரு தபால்தலையின் பின்பக்கம் போதும்.

அதில் ஒன்றுதான் ட்வைலாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பெட்டியை இறக்கும்போது அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காதருகே சொன்னாள்: "கல்லறைக் கல்ல பாத்தியா? அவர் பேருக்குப் பக்கத்துல என் பேரும் வெட்டியாச்சு. தேதி மட்டும்தான் பாக்கி." சொன்ன விதத்தில் அழுகை இல்லை. வேலை ஒன்று அரைகுறையாகக் கிடக்கிறதே என்கிற குரல்.

காலையில் வீட்டிலேயே கேட்டுப் பார்த்தாள். "கொஞ்ச நாளைக்கு என்னோட வந்து இரும்மா." அம்மா ஜன்னல் திரையை நேராக்கிக்கொண்டே, "பாக்கலாம்," என்றாள். இந்த ஊரில் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். ஊருக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் வீடு. அதில் தனியாக, தேதி மட்டும் பாக்கி இருக்கிற ஒருத்தி.

அவள் கையில்தான் இவர்கள் துப்பாக்கி கொடுக்கப் பார்க்கிறார்கள்.

"லவோன்," என்று கார்லிஸ் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அண்ணன் மனைவி ஆனபிறகும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். "நாங்கள்லாம் சேந்து உனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கோம். இனிமே நீ தனி ஆளு. டுவேன் இருந்தா அவன்தான் செஞ்சிருப்பான்." நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். ஊதா ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனை அவரே அவிழ்த்து, மூடியையும் அவரே திறந்தார். உள்ளே ஒரு குட்டித் துப்பாக்கி. பிடிக்கு லாவெண்டர் நிறம்.

"ஐய, எவ்ளோ அழகு!" என்றாள் வில்லடீன், குழந்தையைத் தொட்டிலில் பார்த்தவள்போல.

"அளவுல சின்னது, எடை கொறச்சல், தட்டையா இருக்கும், வெளிய தெரியாது," என்றார் கார்லிஸ். அவர் கடையில் துப்பாக்கியும் தூண்டில் புழுவும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு மேலும் கீழுமாக இருக்கும். சாவு வீட்டிலும் கடைக்குரல் மாறவில்லை. "அவனோடது ஷெரிஃப் ஆபீஸ்ல இருக்கு. வந்துரும். நல்லா சுத்தம் பண்ணி எண்ணெ போட்டுத் தரேன். ஆனா அது உனக்கு ஆகாது, குண்டு ஏத்த மேல்பாகத்த இழுக்கறதுக்கு இறுக்கமா இருக்கும். உன் கட்டைவிரல் தாங்காது."

"எதச் சுத்தம் பண்ணி, சித்தப்பா?" என்றாள் ட்வைலா.

கார்லிஸ் அவளைப் பார்த்தார். பிறகு ஜெல்லியைப் பார்த்தார். அடுப்பங்கரையில் பனிக்கட்டி இயந்திரம் ஒரு கொத்து கட்டிகளைக் கொட்டியது.

மௌனத்தை எப்படியாவது மூட வேண்டும் என்று பிரதர் மெர்லுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சிஸ்டர் லவோனுக்கு நம்ம ட்வென்டி-டூ, இந்தச் சின்னக் குண்டுத் துப்பாக்கி, போதாதா?" என்று பிரசங்கத்துக்குப் போட்டிருந்த அதே கருப்புக் கால்சட்டையின் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். மண்ணுக்கு மண் என்று கையை உயர்த்திச் சொன்னபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. "அடிக்காது, அதிராது. என் மனைவியே சுடுவா."

"அதால சுட்டா திருடனுக்குக் கோவந்தான் வரும்," என்ற டாய்ல் தன் ரிவால்வரை எடுத்து வைத்தார்.

"நீங்க ஆம்பளைங்க பேசுறது எல்லாம் ஆம்பளை உடம்புக்கு," என்று வில்லடீன் உடுப்பின் கழுத்தைத் தளர்த்தி, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒன்றை உருவினாள். எண்பது வயதுக்காரி. துப்பாக்கியோடு அக்குள் பவுடர் வாசனையும் மேஜைக்கு வந்தது. உலோகத்தில் வியர்வை பட்டுத் துரு பூத்திருந்தது. பிடியின் கீறல்களில் பவுடர் வெள்ளையாக அப்பியிருந்தது. "தொட்டுப் பாரு லவோன், வெதுவெதுன்னு இருக்கும். குளிர்காலத்துல இதம்."

தோட்டாக்களைக் கழற்றிவிட்டுத்தான் காட்ட வேண்டும், அது மரியாதை. கழற்றியவற்றை உருளாமல் எங்கே வைப்பது? அவித்த முட்டைகள் இருந்த தட்டு காலியாகிவிட்டிருந்தது. முட்டை உட்காரும் குழிகள் வட்டமாக, தோட்டாவுக்கென்றே செய்ததுபோல. ஒவ்வொருவரும் ஒரு குழியில் போட்டார்கள். மஞ்சள் கருவும் மயோனைசும் பூசிக்கொண்டு பித்தளைத் தோட்டாக்கள் மினுங்கின. டாய்ல் ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, விரலை நக்கினார்.

ட்வைலா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா. போலாம், எந்திரி."

"இரு," என்றாள் அம்மா.

மேஜை முழுவதும் திரும்பியது. அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கையை நீட்டி, ஜெல்லிக்குப் பக்கத்தில் கிடந்த கார்லிஸின் சொந்தத் துப்பாக்கியை எடுத்தாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் கத்தரிக்காயில் புழுத்துளை தேடுகிறவள்போல.

"பாத்தீங்களா," என்றார் கார்லிஸ், முகம் மலர்ந்து. "எனக்குத் தெரியும் அவளுக்குப் புடிக்கும்னு. டுவேனோடத செலக்ட் பண்ணினதே லவோன்தான், தெரியுமா? மொதல்ல அவன்ட்ட பெருசு இருந்துச்சு. சர்ச்சுல உக்காந்தா பேண்ட் ஒரு பக்கமா தொங்கும். இவ வந்தா கடைக்கு, 'சின்னதா ஒண்ணு குடு கார்லிஸ், பின்வரிசைக்காரங்க சிரிக்கிறாங்க'ன்னா. ஒரு சாயங்காலம் பூரா ஒண்ணொண்ணா அவன் பாக்கெட்ல போட்டுப் பாத்து, எட்டி நின்னு பாத்து, 'இதுதான் தெரியல, இதையே குடு'ன்னா."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. "இது என்ன, பஞ்சு மாதிரி?" என்றாள். குழலின் வாயில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது.

"பாக்கெட் தூசி. பாக்கெட்ல வெச்சா சேரும். ஊதினா போயிடும்."

"பாக்கெட்ல இதத் தவிர வேற என்ன வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. அதான் ரூலே. துப்பாக்கி இருக்கற பாக்கெட்ல வேற ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. விக்கறப்ப எல்லார்ட்டயும் சொல்றேன். டுவேன்ட்டயும் சொன்னேன். அவன்தான்..."

"எடு, பாப்போம்."

"என்னத்த?"

"பாக்கெட்ட வெளிய இழு, கார்லிஸ்."

சிரிப்போடுதான் இழுத்தார். பாக்கெட் துணி நாக்குபோல வெளியே தொங்கியது. வண்டிச் சாவி விழுந்தது. பல்குத்தும் குச்சி ஒன்று, முனை நைந்து. மென்று சப்பிவிட்டுக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த புகையிலைப் பொட்டலம். அதிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து பாக்கெட் துணியில் தேசப்படம் வரைந்திருந்தது.

"பிரதர் மெர்ல்," என்றாள் அம்மா.

போதகர் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்து இழுத்தார். கோல்ஃப் பந்தை வைக்கிற ஆணி, அதன் கூரான முனையில் புல். காது குடையும் பஞ்சுக் குச்சி, புதியது அல்ல.

டாய்ல் தானாகவே எடுத்து வைத்தார். நகவெட்டி. டிஷ்யூ தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அவிழ்த்தபோது இரண்டு பல் வைத்த பல்செட்டுத் துண்டு. "சாப்பிடறப்ப கழட்டி வெச்சிருவேன்," என்றார் ட்வைலாவைப் பார்த்து, மருத்துவரிடம் மாட்டிக்கொண்டவர்போல. பல்லில் போன வேளை சாப்பாடு இருந்தது. அதற்கு முந்தின வேளையும் இருந்தது.

"எனக்குப் பாக்கெட்டே இல்லடி," என்றாள் வில்லடீன். ஆனால் கை மறுபடியும் உள்ளே போனது. மடித்த கூப்பன், ஊக்கு, வாய்க்குத் தடவும் களிம்பு.

வெள்ளைக் காகிதம் விரித்த மேஜையில் எல்லாம் கிடந்தன. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. கூடத்தின் மறுகோடியில் யாரோ ஒருவர் அரவமில்லாமல் தன் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பதை ட்வைலா கண்டாள். இன்னொருவர். பிறகு இன்னொருவர். ஊரே தன் தொடையைத் தடவிக்கொண்டிருந்தது.

அம்மா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு நகர்த்தினாள். ஆணியை, ஊக்கை, சாவியை. அருவருப்பே இல்லாமல். எதையோ தேடுகிறாள் என்று ட்வைலாவுக்குத் தோன்றியது. என்ன என்று தெரியவில்லை.

"இத்தனையையும் வெச்சுக்கிட்டு," என்றாள் அம்மா கடைசியில், "நீங்க எல்லாரும் உக்காந்து சாப்ட்டுட்டு இருக்கீங்க."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. நிஜமான ஆச்சரியம். அதனால்தானோ என்னவோ கார்லிஸ் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, டுவேன் அஜாக்கிரதைக்காரன், டுவேன் சொன்னால் கேட்க மாட்டான் என்று கடைக்கு வந்த புழு வாங்குபவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"சரி விடு," என்றார் வேறொரு குரலில். "இந்த லாவெண்டர் புடிக்கலன்னா சொல்லு, மாத்திக்கலாம். கறுப்பும் இருக்கு."

"என் உடுப்புல பாக்கெட் இல்ல, கார்லிஸ்," என்றாள் அம்மா. எழுந்தாள். முத்து மாலையை நேராக்கிக்கொண்டாள். "போலாமா, ட்வைலா."

கார் வரைக்கும் கூடைகள் வந்தன. இந்தப் பக்கத்தில் ஒருவர் செத்தால் மிஞ்சியவரைச் சாப்பாட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள். ஆறு விதமான பீன்ஸ், நான்கு பெக்கான் கொட்டைப் பணியாரம், ஒரு பன்றியின் பாதி. ட்வைலா பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, பெண்கள் வரிசையாக வந்து அடுக்கினார்கள். கார்லிஸும் ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தார், அவள் கண்ணைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உடுப்பை மாற்றப் போனாள். ட்வைலா சமையலறையில் பாத்திரங்களை எடுத்து அடுக்கினாள். கார்லிஸின் கூடையில் மேலே சோள ரொட்டி. அதைத் தூக்கியபோது கீழே இருந்த துணி கனமாக இருந்தது. துணியை விலக்கினாள். ஊதா ரிப்பன். இந்தத் தடவை அழகாக முடிச்சுப் போட்டிருந்தது.

பெட்டியை எங்கே வைப்பது? அடுப்புக்குள்ளா, மாவு டப்பாவிலா, இந்தச் சமையலறையில் அம்மாவின் கை போகாத இடம் ஏது? சட்டைக்குள் செருகிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். வில்லடீனின் பவுடர் ஞாபகம் வந்தது.

"கார்லிஸ் பெட்டிய வெச்சிருப்பானே," என்று உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

ட்வைலா ரிப்பன் மேல் துணியை இழுத்து மூடினாள்.

"எடுத்துட்டுப் போய் உன் கார்ல போட்டுப் பூட்டு. சாவிய நீயே வெச்சுக்க. எனக்குத் தெரியற எடத்துல வெக்காத."

"ஏம்மா?"

உள்ளே அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. துணி மாட்டும் தாங்கிகள் ஒன்றோடொன்று உரசின.

"ராத்திரி இந்த வீட்ல நான் இருக்கப் போறேன்ல," என்றாள் அம்மா.

ட்வைலா வெளியே போனாள். பெட்டியைக் காரின் பின்பக்கத்தில், மாற்றுச் சக்கரத்தின் குழிக்குள் போட்டு, மேலே மூடியை அழுத்தினாள். காலையில் கார்லிஸின் கடைக் கண்ணாடி மேல், புழு டப்பாக்களுக்கு நடுவே, இதைத் தானே வைத்துவிட்டு வர வேண்டும். காரைப் பூட்டினாள். பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு வேலியோரம் குனிந்து, கூடத்தில் சாப்பிட்ட கொஞ்சத்தையும் வாந்தியெடுத்தாள். தோட்டக் குழாயில் வாயைக் கொப்பளித்தபோது மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது; எதிர் வயலில் மாடுகள் ஒரே திசையில் நின்றன.

திரும்பி வந்தபோது அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கால்சட்டைகள் எல்லாம் கட்டில் மேல் குவிந்திருந்தன. வேலைக்குப் போடுவது, மீனுக்குப் போடுவது, சர்ச்சுக்குப் போடுவது. துணி கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகச் சர்ச்சில் ஓர் அறை இருக்கிறது. நாளைக்கு வில்லடீன் வந்து எடுத்துக்கொண்டு போவாள். அம்மாவின் மடியில் ஒரு சாம்பல் நிறக் கால்சட்டை. கையில் ஊசி.

"கிழிஞ்சிருக்கா?" என்று கேட்டாள் ட்வைலா.

அம்மா காட்டினாள். கிழிசல் இல்லை. பாக்கெட்டின் வாயை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், கெட்டி நூலால் தைத்து மூடிக்கொண்டிருந்தாள். தையல் சின்னச் சின்னதாக, நெருக்கமாக இருந்தது. இடது பாக்கெட் ஏற்கெனவே மூடியிருந்தது.

ட்வைலா எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி ரெண்டு கையிலயும் பணியார டிஷ்," என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல். "சர்ச்சுல நிதிக்காகப் பணியார விற்பனை. கைப்பைய வீட்டுலயே வெச்சுட்டேன். லிப்ஸ்டிக் மட்டும் எடுத்துக்கிட்டு, எங்க வெக்கறது? உடுப்புல பாக்கெட் இல்ல. அவர் கதவப் பூட்டிட்டு நின்னாரு. பக்கத்துல போயி, டிஷ்ஷ இடுப்புல முட்டுக் குடுத்துக்கிட்டு, அவர் பாக்கெட்ல போட்டேன். எந்தப் பாக்கெட்டுன்னு பாக்கல."

நூல் இழுபட்டது.

"அவருக்கே தெரியாது, அது உள்ள இருக்குன்னு. மீன் கடை வாசல்ல நான்தான் சொன்னேன். 'என் லிப்ஸ்டிக் உங்க பாக்கெட்ல இருக்கு, எடுங்க'ன்னேன். 'எதுல?'ன்னாரு. 'பாருங்க'ன்னேன்."

ட்வைலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யாராயிருந்தாலும், எந்தப் பாக்கெட்டானாலும், கோல்ஃப் ஆணி, ஊக்கு, சாவி, என்று பல சொற்கள் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. எதுவும் சொல்லும்படியாக இல்லை.

"இன்னிக்கிச் சாயங்காலமே கெளம்பிடலாமா?" என்றாள் கடைசியில். "கான்சஸ் சிட்டிக்கு."

"இதெல்லாம் முடியட்டும்."

"வில்லடீன் சிரிப்பா."

"சிரிக்கட்டும். எவனாவது ஒருத்தன் இதப் போட்டுக்கிட்டு நிப்பான். கைய உள்ள விட முடியாம நிக்கட்டும்." அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பல்லால் நூல் கடிக்காதே என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ட்வைலா நூல்கண்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அம்மா அடுத்ததை எடுத்தாள். மீன் பிடிக்கப் போடும் பழைய கால்சட்டை. ஏரித் தண்ணீரின் சேற்று நாற்றம் இன்னும் போகவில்லை. தைப்பதற்கு முன்னால் வலது பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். கை உள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது. வெளியே வந்தபோது விரல்களுக்கிடையே ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய். உறை எப்போதோ கழன்றுபோய், உருகி, மறுபடி இறுகி, சுற்றிலும் பாக்கெட் தூசியும் ஒரு மீன் செதிலும் ஒட்டி, உயிருள்ள பூச்சிபோல மயிர் முளைத்திருந்தது.

ட்வைலா குப்பைத் தொட்டியை எடுத்து நீட்டினாள்.

அம்மா மிட்டாயை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். கன்னத்தின் ஒரு பக்கம் சின்னதாகப் புடைத்தது. ஊசியை எடுத்துப் பாக்கெட்டின் வாயில் முதல் தையலைப் போட்டாள்.

ட்வைலா குப்பைத் தொட்டியைக் கீழே வைத்தாள். நூல்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்து, இன்னொரு ஊசியில் கோத்து, குவியலிலிருந்து அப்பாவின் சர்ச்சுக் கால்சட்டை ஒன்றை உருவி மடியில் விரித்தாள்.